படகு அட்டவணையின் பின்பக்கம்

நாற்பத்து மூன்று வயதில்
எனக்கு நானே சட்டசபை ஆனேன்.
கிளாக்ஸ்விக் படகுத்துறையில் எடுத்து வந்த
போன வருட நேர அட்டவணை,
பின்பக்கம் காலியாக இருந்தது.

கைபேசியைத் தொடுமுன் முகம் கழுவு.
கழுவுமுன் சங்கீதப் புத்தகத்தில் ஒரு பக்கம்.
வெள்ளிக்கிழமை சர்க்கரை கிடையாது.
மீன் ஆலையில் யாரைப் பற்றியும்
அவர் இல்லாதபோது பேசாதே
(எழுதியபின் எனக்கே சிரிப்பு.
பேச வேறென்ன இருக்கிறது இந்தத் தீவில்?)
காலை எட்டுவரை மௌனம்.

கதவின் வெளிப்பக்கம் ஒட்டினேன்.
யாரும் தட்டி என்னைத்
தவறச் செய்துவிடக் கூடாதே.

முதல் வாரம் காற்று மட்டும் பேசியது.
கேட்டேன் என்று சொல்ல ஆசை.
மின்கட்டணத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் வாரம்
சர்க்கரை கனவில் வந்தது.
மூன்றாம் வாரம், கெட்டிலில் தண்ணீர்
கொதிப்பதற்குச் சற்று முன்னால்
ஒரு முணுமுணுப்பு.
இத்தனை வருடம் கேட்டதேயில்லை.
அதில் யாரோ இருந்தார்கள்.
இதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

நவம்பர். ஆறே முக்கால். இருட்டு.
கீழ்வீட்டு ஹனுஸ் வந்தார்,
இரவுச் சட்டைமேல் மழைக்கோட்டு,
கால்களில் ஜோடி சேராத பூட்ஸ்.
வாய் திறந்தார்.
நான் விரலால் காகிதத்தைக் காட்டினேன்.

கைவிளக்கை உயர்த்தி
முழுவதும் படித்தார், சர்க்கரை உட்பட.
"மன்னிச்சுக்கோ, மர்யூன்" என்றார்.
முதுகு காட்டாமல்,
ஏதோ சன்னிதானத்தில் நின்றவர்போல்,
பின்பக்கமாகவே படியிறங்கினார்.

கதவைச் சாத்தினேன்.
விதி காத்த நெஞ்சு
இதமாக இருந்தது.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆலையில் கன்வேயரின் எதிர்ப்பக்கம் பேத்ரா:
ரன்வாவை ராத்திரியே
தோர்ஷாவ்ன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம்,
ஹனுஸ் முதல் பஸ்ஸுக்குப் போக
நாய்க்குச் சாப்பாடு வைக்க ஆள் தேடினாராம்,
வீடு வீடாக.
இல்லாத இருவரைப் பற்றி
அவள் பேசிக்கொண்டே போனாள்.
நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.
மூன்று காட் மீன்கள்
வெட்டுப்படாமல் என்னைத் தாண்டிப் போயின.

மாலை போனேன்.
யாரோ வைத்திருந்தார்கள்,
தட்டு நக்கித் துடைத்துக் கிடந்தது.
இருந்தும் என்னைப் பார்த்துக் குரைத்தது நாய்.
மௌனத்தில் நம்பிக்கையில்லாத பிராணி.

காகிதத்தைக் கிழிக்கவில்லை.
அந்த முணுமுணுப்பு எனக்கு வேண்டும்.
நாடாவை நகத்தால் உரித்து
கதவின் உட்பக்கம் ஒட்டினேன்.
வெளியிலிருந்து பார்த்தால் இப்போது
வெறும் கதவு, கொஞ்சம் பசைத் தழும்பு.
கடைசி விதிக்குக் கீழே
ஏதோ சேர்க்கப் போனேன்.
பென்சில் முனை ஒடிந்தது.

மறுநாள்.
கெட்டிலில் தண்ணீர் ஊற்றியாயிற்று,
இன்னும் முணுமுணுக்கத் தொடங்கவில்லை.
கீழே ஹனுஸ் வீட்டில் விளக்கு எரிகிறது.
ரன்வாவுக்கு எப்படியிருக்கிறதோ.
மணி ஆறு நாற்பது.
அடுப்பை அணைத்துவிட்டு
பூட்ஸைத் தேடுகிறேன்.