வெட்டுப்புள்ளி

கொக்குவிலில், போன் திருத்துற கடைக்கு மேலே ஒரு அறை.
சனி பின்னேரம் நாலு பேர் படியேறி வந்து
வேறு ஆட்களாகிவிடுவார்கள்.
நான் மிச்ச உலகம்:
மழை, பூதம், சத்திரக்காரி, சாவு.

கிருத்திகன் மந்திரவாதி. மருத்துவபீடம், மூன்றாம் வருசம்.
தொடக்கத்தில் எலி கடித்தாலே செத்துப்போவான்.
ஜெனோசன்தான் முன்னால் நின்று அடி வாங்கினான்.
இப்போது ஒன்பதாம் நிலை.
கிருத்திகன் விரலை நீட்டினால் கோட்டை எரிகிறது.
ஜெனோசன் "வெட்டுறன்" என்கிறான்.
தன் முறை திரும்ப வரும்வரை
கீழே நிற்கும் தன் ஓட்டோவை யன்னலால் பார்க்கிறான்.
பிறகு, "வெட்டுறன்."

ஒருநாள் களவாக நேரம் பிடித்தேன்.
மந்திரவாதிக்கு நாற்பத்தொரு நிமிடம்.
வீரனுக்கு ஆறு,
அதிலும் இரண்டு, றோல்ஸ் வாங்கப் போனது.

வாளுக்கு இரண்டு கூட்டினேன். நெருப்புக்கு மூன்று குறைத்தேன்.
மீன் நிறுக்கிறவர் மாதிரி
ஒருவருக்கும் தெரியாமல் தட்டை விரலால் அமத்தினேன்.
கிருத்திகனுக்குத் தெரிந்துவிட்டது.
போட்டோக்கொப்பி விதிப்புத்தகத்தை என் பக்கம் திருப்பி
ஒரு வரியின் கீழ் நகத்தால் கீறினான்.

அனோஜாவுக்கு வேறு வழி.
ஒரு நிலை பூசாரி, இரண்டு நிலை பாணினி,
மிச்சம் வேட்டைக்காரி.
"நுனிப்புல் மேயிறாய்" என்றேன்.
"மாட்டிட்டக் கேட்டுப் பார், நுனிதான் ருசி."
காலையில் வங்கி, பின்னேரம் கணக்கு ரியூசன்,
இரவு பிறந்தநாள் கேக் ஓடர்.
ஒரே ஆளாக இருந்து
அவளுக்குப் பழக்கமில்லை.

சஃப்ரான் காயம் ஆற்றுகிறவன்.
ஒருவருக்கும் காயமில்லாத நாளில் அவனுக்கு வேலையுமில்லை.
அந்த நாட்களில் பிளேன்ரீ ஊற்றுவான்.

போன சனி, நிலவறைக் கதவடியில்,
ஜெனோசன் சொன்னான்:
"எனக்கு ஒரு நிலை கள்ளன் வேணும்."

ஏன் என்று கேட்டேன். கேட்கவேண்டியது என் வேலை.

"ஒன்பது மாசமா எல்லாக் கதவிலயும்
ஆரும் திறக்குமட்டும் வாளோட நிக்கிறன்.
ஒண்டையாவது நான் திறக்கவேணும் மச்சான்."

இரண்டாம் வகுப்பு எடுக்க, கைவேகம் பதின்மூன்று வேண்டும்.
அவனுக்குப் பன்னிரண்டு.

"ஒண்டு குறையுது," என்றான் கிருத்திகன்.
சும்மாதான் சொன்னான். அவனில் பிழையில்லை.
எனக்குத்தான் வேறெங்கோ கேட்டது:
உயர்தரம், இரண்டாம் தரம்,
வெட்டுப்புள்ளிக்குக் கீழே தசம் பூச்சியம் இரண்டு.
இப்போது ஆஸ்பத்திரி வீதி ஹாட்வெயாரில்
ஆணி நிறுக்கிறேன். அரைக் கிலோ, கால் கிலோ. சரியாக.

விதி எதற்கென்று எனக்குத் தெரியும்.
எல்லாரும் எல்லாமாகிவிட்டால்
இந்த மேசையில் ஒருவருக்கு மற்றவர் தேவையில்லை.
போன மாதம் அனோஜாவுக்கு
நானே விளங்கப்படுத்தினேன், கையை ஆட்டி ஆட்டி.

அழிறப்பரை எடுத்தேன்.
மலிந்த தாள். கிழிந்துவிட்டது.
இலக்கம் இருந்த இடத்தில் ஓட்டை,
ஓட்டைக்குள்ளால் மேசைவிரிப்பின் மஞ்சள் பூ, பாதி.

"இது எத்தினை?" சஃப்ரான் கேட்டான்.
ஒருவரும் சொல்லவில்லை.

ஜெனோசன் இருபது முகக் கட்டையைக்
கைக்குள் கனநேரம் வைத்திருந்தான்.
கடவை மணி அடித்து, ரயில் போய்,
மேசை நடுங்கி ஓய்ந்தபிறகு போட்டான்.

மூன்று.

பூட்டு அசையவில்லை. ஊசி உள்ளேயே முறிந்தது.
கிருத்திகன் விரலை நீட்டப் பார்த்தான்.
அனோஜா அவன் காலை மிதித்திருக்கவேண்டும்;
விரலை மடித்துக்கொண்டான்.

"இன்னொரு ஊசி இருக்கு," என்றான் ஜெனோசன்.

பொய் என்று நினைத்துத் தாளை வாங்கிப் பார்த்தேன்.
வாளுக்கும் கேடயத்துக்கும் கீழே,
முதல் நாள் எழுதிய அதே நீல மையில்:
பூட்டூசி, ஏழு.