இருபத்திரண்டு பவுன்

றெஜினோல்ட்டின் கடையில்
கனடாவிலிருந்து வந்த கொன்ரெயினரை
இரண்டு நாளாகப் பிரிக்கிறார்கள்.
பனிச் சப்பாத்து, குழந்தை வண்டில்,
ஒற்றைக் கையுறைகள் ஒரு மூடை.
எல்லாவற்றுக்கும் அடியில்
தலை பெருத்து, கழுத்தே இல்லாமல்
மூன்று மட்டைகள்.

"உது என்ன விளையாட்டு?"
"எனக்கும் வடிவாத் தெரியாது அக்கா.
பட்மின்ரனும் இல்லை, ரெனிசும் இல்லை.
நாலு சுவருக்குள்ள நிண்டு அடிக்கிறதாம்.
ஒருத்தரும் கேக்கயில்லை.
அதாலை மலிவு."

மலிவு என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.
நல்ல பட்மின்ரன் மட்டை ஏழாயிரம்.
கொக்குவில் உள்ளரங்கு மணிக்கு எண்ணூறு,
அதற்கும் நாலு பேர் சேர வேண்டும்.
நாற்பத்து மூன்று வயதில்
எனக்குத் தெரிந்த நாலு பேருக்கு
ஒரே நேரத்தில் ஓய்வு வந்ததில்லை.

வங்கியில் எனக்கு அடகுப் பிரிவு.
பதினாறு வருடமாக
மற்றவர்களின் கழுத்தை நிறுக்கிறேன்,
கல் கழித்து, அரக்குக் கழித்து,
அடுத்த மாதம் மீட்பேன் என்ற பேச்சைக் கழித்து.
விளையாட்டுத் தெரியாது. எடை தெரியும்.

முதலாவது கரிநிறம்.
தூக்கினேன், தூக்கியது தெரியவில்லை.
காபனாம், ஒன்பதாயிரமாம்.
பாரமில்லாததை வீசக்
கை பழகியிருக்க வேண்டும். வைத்துவிட்டேன்.
இரண்டாவது அலுமினியம்,
வளைவில் மயிரிழையாய் ஒரு வெடிப்பு.
விரலால் சுண்டினேன்,
ஒட்டு வைத்த காப்பின் ஓசை.
பிடியும் தடிப்பு,
சுற்றிப் பிடித்த விரல்கள்
உள்ளங்கையைத் தொடவில்லை.
மூன்றாவதைக் கையில் வாங்கியதும்
வாய் தானாகச் சொன்னது:
"இருபத்திரண்டு பவுன்."
றெஜினோல்ட் வாசலைப் பார்த்தான்.

நரம்பில் ஒன்று நைந்திருந்தது.
"மூவாயிரத்து ஐந்நூறு."
"நரம்பு?"
"மூண்டு."
"பந்து?"
நீலப் பந்து இரண்டு கொண்டுவந்தான்.
தலை உயரத்திலிருந்து ஒவ்வொன்றாய் விட்டேன்.
ஒன்று முழங்காலோடு களைத்தது.
மற்றது இடுப்பைத் தாண்டி எழும்பிக்
குழந்தை வண்டிலுக்குள் போய் விழுந்தது.
அதையும் சேர்த்து இரண்டாயிரத்து எண்ணூறு.

மறுநாள் மத்தியானம்
கதவைச் சாத்திவிட்டுத் தராசில் வைத்தேன்,
தட்டுக்கு வெளியே தலையும் காலுமாக.
ஒரு மஞ்சாடி குறைவு.
முகாமையாளர் எட்டிப் பார்த்தார்.
"உதுக்கு எவ்வளவு குடுக்கலாம்?"
"மீட்க வரமாட்டினம் சேர்."

நாலு சுவருக்கு நான் எங்கே போவது?
ஒன்று இருந்தது.
பக்கத்து வீட்டில் ஆளில்லை,
மதில் மட்டும் எட்டடி, சீமெந்து பூசி.
அதில் ஒரு சாண் எங்கள் காணிக்குள் என்று
அப்பா போட்ட வழக்கு
அவருக்குப் பிறகும் மூன்று தவணை நடந்தது.
அந்த ஒரு சாணைப் பார்த்துத்தான் அடித்தேன்.

முதல் பந்து முருங்கைக்குள்.
இரண்டாவது கிணற்றுக்குள்,
வாளி போட்டு எடுத்தேன்.
பிறகு பத்துப் பந்துக்குக்
காற்றைத்தான் அடித்தேன், சேட்டை நனைந்தது.
பதின்மூன்றாவது
சுவரில் பட்டு என்னிடமே வந்தது.
திருப்பினேன். திரும்பவும் வந்தது.

போன் அடித்தது. ஸ்காபறோ நம்பர்.
மதில் மூலையில் கமரா இருப்பதை
மறந்தே போயிருந்தேன்.
இருபது வருடமாக எங்களுடன் பேசாத குரல்
"ஜெயரூபி" என்றது.
என்ன பதில் சொல்வதென்று
வழக்குக் கட்டு முழுக்க ஒருமுறை தேடினேன்.

"கீழை தொங்கிற கயிறைக்
கையிலை கொழுவும்.
மட்டை பறந்தால் என்ரை கமரா போகும்."
கொஞ்சம் பொறுத்து,
"முழங்கால் மடிச்சு, பதிவா அடியும்."

கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு
போனைக் கிணற்றுக்கட்டில் வைத்தேன்.
அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.
நுளம்பு கடித்தது. அடித்தேன்.
பந்து எது இருட்டு எது என்று
தெரியாமல் போன பிறகு போனை எடுத்தால்
அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது:
"அந்த நரம்பை
மாத்த வேணும் பிள்ளை."