ஆறாவது தட்டு

கொட்பேயில் விடிய நாலரைக்கு
நான் விலை கூறிய அறக்குளா
இரவு எட்டரைக்கு என் முன்னால் வந்திருக்கிறது
நாலு விரல் அகலத்தில்.
ஏலத்தில் எடுத்த பிரணவன்தான்
"இரவைக்கு அக்காவோட வாங்கோ" என்றவன்.

கறுத்தத் தட்டு. வெள்ளைத் துண்டு. மேலே நுரை.
"இது உப்புவெளிக் கடல்" என்கிறான் பரிமாறும் பெடியன்,
சோதனைக்குப் பாடமாக்கியவன் மாதிரி.
வதனி குனிந்து சிரிப்பை மென்றாள்.

ஐந்து தட்டு ஏற்கெனவே போயிற்று:
கரண்டி ஒன்றுக்குள் முழுக் கூழும்,
புகைக் கிண்ணத்தில் ஒற்றை இறால்,
பிறகு முருங்கையிலையில் ஏதோ கண்ணாடி மாதிரி.
பழக்கதோஷம், கண் தராசாகிவிடுகிறது:
நாற்பது கிராம். ஐம்பது இராது.
காலையில் கூறியது ஏழு கிலோ.

வெளியே, வீதி விளக்கின் கீழ்
மான் ஒன்று ஐஸ்கிரீம் கடதாசியை
ஆறுதலாகச் சப்பிக்கொண்டு நிற்கிறது.
அதற்கு ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை.

முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுக் கையால் எடுத்தேன்.

இருபத்தாறு வருஷம் இந்த மீனை
இலக்கமாகவே அறிந்திருக்கிறேன்.
தோலோரம் இப்படியோர் இனிப்பு
இருந்ததா இதற்கு?
தன் பங்கில் பாதியை எப்போதும்
என் பக்கம் தள்ளுகிற வதனி
இன்றைக்குத் தள்ளவில்லை.

பிரணவன் வந்தான், ஏப்ரனில் கை துடைத்தபடி.
"எப்படி அண்ணை?"
நல்லதாக ஒரு சொல் தேடினேன்.
வாயில் வந்தது:
"மூவாயிரத்து நூறு! மூவாயிரத்து இருநூறு!"

மேசைகள் எல்லாம் திரும்பின.
மூலையிலிருந்த வெள்ளைக்காரர் ஒருவர்
மெல்லக் கையை உயர்த்தினார்.