கோச்சி வரும் நேரம்

வெள்ளவத்தையில் கடலில் போய் முடியும் ஒழுங்கை,
மூன்றாம் மாடி.
காற்றில் மிதக்கும் இரும்பு மேசைமேல்
எலியின் மூளைச் சீவல் ஒன்று.
ஒட்சிசன் குமிழிவிடும் உப்புநீரில்
ஆறு மணித்தியாலம் உயிரோடிருக்கும்.
கடற்குதிரை என்று பெயர் இந்த வளைவுக்கு.
யன்னலுக்கு வெளியே கடல்மட்டும்.

கண்ணாடி ஊசியின் நுனி
ஒரு கலத்தின் தோலில் ஒட்டும்வரை
நானும் தில்ருக்ஷியும் மூச்சு விடுவதில்லை.
ஒட்டியது.
திரையில் கோடு விழுகிறது, எழுகிறது, விழுகிறது.
ஒரேயொரு அயன் வாசல்
திறந்து மூடுவதைப் பார்க்கிறோம்.

அந்த வாசலில் மக்னீசியம் குந்தியிருக்கும்.
வெளியே குளுட்டமேற் எவ்வளவு தட்டினாலும் அசையாது.
அதே நேரம் உள்ளேயும் பதற்றம் ஏறியிருந்தால்தான்
எழுந்து வழிவிடும்.
கல்சியம் நுழையும்.
அடுத்தமுறை மெல்லத் தட்டினாலே கேட்கும்படி
சுவரில் புதுக் கதவுகள் முளைக்கும்.

ஒருநாள் கரைசலில் மக்னீசியம் போட மறந்துபோனேன்.
தட்டிய எல்லாருக்கும் திறந்தது சீவல்.
கோடு வெறிபிடித்து ஆடியது.
"இது ஞாபகமில்லை, வலிப்பு"
என்றாள் தில்ருக்ஷி, சிங்களத்தில்.
வாளியில் ஊற்றிவிட்டுப் பிளேன்ரீ குடித்தோம்.

சுதேசன் அந்த வருடம் முழுக்கத் தட்டினான்.
ஒருதரம் மழைக்குள், ஒழுங்கை முனையில், குடையில்லாமல்.
நல்லவன்.
எனக்குள் ஒரு மில்லிவோல்ற்றும் ஏறவில்லை.
கல் என்றான். மறுக்கவில்லை.
போனமாதம் தெகிவளையில் மீன் வாங்கி நிற்கையில்
காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது.
அப்போது யாரும் தட்டவில்லை.

கோச்சி வந்தால்
காற்றில் மிதக்கிற மேசையும் நடுங்கும்.
ஊசி நழுவும், கலம் சாகும்.
முதல் மாதம் பதினேழு கலங்களைச் சாகக்கொடுத்தேன்.
பிறகெப்போதோ
நேரசூசி பாராமலே
பாணந்துறைக் கோச்சிக்கு ஒரு நிமிடம் முன்
கை தானாக நிற்கத் தொடங்கியது.

இன்று வேலைநிறுத்தம்.
தண்டவாளத்தில் பொடியள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
தூணில் ஒட்டிய துருப்போல அசையாத ஊசி,
காலையிலிருந்து ஒரே கலம்.
இப்படியொரு நாள் வாய்த்ததேயில்லை.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு
என் கை நின்றது.
தில்ருக்ஷியின் கையும்.

கீழே யாரோ "அவுட்" என்று கத்தினார்கள்.
வராத கோச்சி
கடந்து போகும்வரை
இருவரும் காத்திருந்தோம்.