எரால் எங்கே?

முதல் அட்டையில் ஏழு பேர்.
இரண்டாவதிலும் ஏழு.
இந்த மூன்றாவதில் எண்ணிப் பார்த்தேன், ஆறு.
கறுப்புவெள்ளைக் கட்டம் போட்ட டை போய்
இளஞ்சிவப்புக் கோட்டு, தோளில் பஞ்சு,
மின்விசிறி முன்னே நின்றது போல் தலைமுடி.
டிராம்போன்காரனைக் காணோம்.

எரால் என்று அவன் பெயர்.
அமலதாசன் வாயில் அது எப்போதும் இறால்.
படகுத்துறையில் சங்கிலி இழுக்கிறவன் அமலதாசன்.
பட்டர்வொர்த் ஷிப்ட் முடிந்து
டீசல் கையோடு பினாங்கு ரோட்டுக்கு வருவான்.
கடை மாடியில் பன்னிரண்டு ரெக்கார்டர்கள்,
ஒரே நேரத்தில் பன்னிரண்டு நகல்.
எல்லாம் திருட்டு நகல்தான்.
'லோக்கல் பிரிண்ட்' என்போம், கௌரவமாக.

இங்கிலாந்தில் மழை பெய்யும் ஏதோ ஊரிலிருந்து
'நைட் பஸ்' என்ற அந்தக் குழு
எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்:
காலடி விழும் இடத்தில் அடிக்காதே,
கால் மேலே இருக்கும்போது அடி.
படகின் பலகை இறங்கும்போது
சங்கிலியும் இப்படித்தான் என்பான் அமலதாசன்,
இரும்பு தரையைத் தொடும் முன்னே
ஒரு 'சக்'.

புதியது வந்த வெள்ளிக்கிழமை
நின்றபடியே கேட்டான்.
டிரம்ஸ் அடித்தது மனிதக் கை இல்லை.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
பள்ளிக்கூட டிரில் மாதிரி
விழவேண்டிய இடத்திலேயே விழுந்தது அடி.
வேலையில்லாதவர்களின் வரிசையைப் பாடியவன்
இப்போது ஒரு பெண்ணின் தொலைபேசி எண்ணைப் பாடினான்.
பக்கம் திருப்பினேன்.
"இறால் எங்க?" என்றான்.
எனக்கென்ன தெரியும்.
"இறால் போடாம ஹொக்கியன் மீ விக்கிறானுங்க."
மூன்று வெள்ளியைச் சட்டைப்பையில் திரும்ப வைத்தான்.

சனிக்கிழமை நாற்பது விற்றது.
கான்வென்ட் பிள்ளைகள், வங்கி குமாஸ்தாக்கள்,
பத்து பிரிங்கி ஓட்டல் ஒன்றின் பார் மேனேஜர்.
முதல் இரண்டு ஆல்பங்களை வாங்கியவர்களை
தீவு முழுக்கத் தேடிச் சேர்த்தாலும்
ஒரு மினிபஸ்ஸில் எல்லாருக்கும் சீட் கிடைக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்.
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு
எனக்குப் பிடித்தது.
குளிக்கும்போது வந்தது, சைக்கிளில் வந்தது.
அமலதாசன் படியேறும் சத்தம் கேட்டால்
வாயை மூடிக்கொண்டேன்,
நோன்பு நாளில் எதையோ மென்றவன் போல.

திங்கட்கிழமை வெறும் கேசட் தீர்ந்தது.
முதலாளி தியோ பழைய பெட்டியைக் காலால் தள்ளினார்.
விற்காத முதல் ஆல்பம், முப்பத்தொரு பிரதி.
"இதுக்கு மேலயே ஏத்து லா."
அழிந்துவிடக் கூடாதென்று
நானே முன்பு உடைத்த காதுகளில்
நானே பசைநாடா ஒட்டினேன்.
பட்டனை அழுத்தினேன்.
எழுவர் மேல் அறுவர் ஏறினார்கள்.
அழியும்போது எந்தச் சத்தமும் வராது.

பத்துப் பதினொரு நாள் கழித்து
நீலப் பினஃபோரில் ஒரு சிறுமி
கேசட்டை மேசையில் வைத்தாள்.
"அண்ணே, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல
யாரோ ஊதுறாங்க."

ஐந்தாம் நம்பர் ரெக்கார்டர்.
அழிக்கும் முனையில் அழுக்கு.
ஸ்பீக்கரில் காது வைத்துக் கேட்டேன்.
ஒரு மூச்சு, வெகு தூரத்தில்,
அரை அடி தள்ளி.

அவளுக்கு வேறொன்று கொடுத்தேன்.
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு முனையைத் துடைத்தேன்,
வேலை வேலைதானே.
அந்தக் கேசட் என் டிராயருக்குள் போனது.

அன்று மாலை அமலதாசன் வந்தான்.
ஓவர்டைம் பற்றி, துருப்பிடித்த பலகை பற்றிப் பேசினான்.
டிராயரை நான் திறக்கவில்லை.
படியிறங்கும்போது
என்னை அறியாமல் செவி கொடுத்தேன்.
விசிலடித்துக்கொண்டு போகிறான்,
இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு.
கைப்பிடிக் கம்பியில் மோதிரத்தால் தட்டுகிறான்,
ஒவ்வொரு படியிலும்
கால் மேலே இருக்கும்போது.