பதினோரு நாள் மூத்தவள்

நவம்பர் மூன்று சிகுசாவின் பிறந்தநாள்,
என்னுடையது பதினான்கு.
இடைப்பட்ட பதினோரு நாளும்
என்னைவிட ஒரு வயது பெரியவள் அவள்.
அந்த நாள்களில் தொட்டியின் முதல் வெந்நீர் அவளுக்கு,
சூப்பில் கடைசிச் சிப்பி அவளுக்கு,
டிவி ரிமோட்டும் அவளுக்கே.
நாற்பது வருஷ விளையாட்டு.

அந்தப் பதினோரு நாளைத்தான்
சட்டம் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் மூத்தவராக இருந்தாலும் போதும்,
தத்து எடுக்கலாம் என்றார்
மட்சுயே நகராட்சியில் மூன்றாம் ஜன்னல்காரர்.
ஏன் என்று கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல
பஸ்ஸிலேயே ஒரு பொய் தயாரித்திருந்தோம்.
வீணாய்ப் போனது.
சாட்சிகள் இருவர்:
அவளோடு பஸ் ஓட்டிய நோட்சு,
நான் துணி தேய்க்கும் லாண்டரியின் முதலாளியம்மா.
முந்தின இரவு எங்கள் சமையலறையில் கையெழுத்திட்டு
சூப்பைக் குடித்துவிட்டு
வானிலை பற்றி மட்டும் பேசிப் போனார்கள்.

கல்யாணப் படிவம் பக்கத்து அடுக்கில்தான் இருந்தது,
கை நீட்டினால் எட்டும்.
நாங்கள் இதை எடுத்தோம்.
சிவப்பு மையில் அவள் முத்திரை,
அதற்குக் கீழே என்னுடையது.

ஐம்பத்தெட்டு வயதில் எனக்குப் புதுக் குடும்பப் பெயர்.
ஐம்பத்தெட்டு வயதில் அவளுக்குத் தலைப்பிள்ளை.
"வாழ்த்துகள்" என்றார் ஜன்னல்காரர், நிஜமாகவே.
ஏரிக்கரையில் நின்று
மூச்சு முட்டச் சிரித்தோம்.
"இனி எதிர்த்துப் பேசாதே" என்றாள்.
"கைச்செலவுக்குக் காசு கொடு" என்றேன்.
யார் முதலில் சிரிப்பை நிறுத்தியது
என்று நினைவில்லை.

பயன் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.
வீட்டைக் காலடியால் அளந்துவிட்டுப் போன அவள் அண்ணன்
மறுபடி வரவில்லை.
பக்கவாதம் வந்த இரவில்
தீவிர சிகிச்சைக் கதவு எனக்குத் திறந்தது.
"உறவு?"
"மகள்."
நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள்,
என் நரையைப் பார்த்தாள்,
காகிதத்தைப் பார்த்தாள்.
காகிதம் ஜெயித்தது.

"அம்மா கண் விழிச்சிட்டாங்க" என்றாள் விடியலில்.
எந்த அம்மா என்று ஒரு நொடி குழம்பினேன்.
என்னைப் பெற்றவள் போய் வெகுகாலம்.
"உன் அறைத்தோழி சௌக்கியமா" என்றே
கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தவள்.

இந்த வசந்தத்தில் செய்தி.
ஏதோ ஒரு நகரத்தில் ஒரு நீதிபதி
எங்களைப் போன்றோருக்குத் திருமணத்தை மறுப்பது
அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார்.
சட்டம் மாறவில்லை, மாறலாம் என்கிறார்கள்.
நீதிமன்றப் படிகளில் சின்னப் பிள்ளைகள்
பேனர் விரித்து அழுதார்கள்.
சிகுசா இடது கையால் ஒலியைக் கூட்டினாள்.
வலது கை இன்னும் அவள் பேச்சைக் கேட்பதில்லை.
"தத்தை ரத்து செய்துவிட்டு
வரிசையில் நிற்போமா?" என்றாள்.

வக்கீல் முகாசா புத்தகத்தை
எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.
ஒருமுறை தத்துத் தாயும் மகளுமாய் இருந்தவர்கள்,
தத்து முறிந்தாலும்,
எந்நாளும் மணந்துகொள்ள முடியாது.
"இதையும் சேர்த்து மாற்றச் சொல்லிக் கேட்போம்" என்றார்.
கொல்லைப்புறமாய் உள்ளே வந்தவர்களுக்கு
வாசல் கிடையாது என்பதை
இதைவிடப் பணிவாய் யாரும் சொல்ல முடியாது.
டிஷ்யூ பெட்டியைத் தள்ளினார்.
நாங்கள் தொடவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
அவரே ஒன்று எடுத்துக்கொண்டார்.

இன்று நவம்பர் ஆறு.
அவளுக்கு எழுபத்து மூன்று, எனக்கு எழுபத்திரண்டு.
கடைசிச் சிப்பியை ஓட்டிலிருந்து பிரித்து
ஸ்பூனை அவள் இடது கையில் வைக்கிறேன்.
"நல்ல மகள்" என்கிறாள், வழக்கமான கேலியில்.
"அப்படிக் கூப்பிடாதே" என்கிறேன்,
இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

மெல்லுவதை நிறுத்துகிறாள்.
சூப்பின் ஆவி எங்களுக்கிடையே போகிறது.
பிறகு, எந்தப் பதிவேட்டிலும் இப்போது இல்லாத
என் பழைய பெயரை முழுதாகச் சொல்கிறாள்,
கடோவாகி ஃபுமியே,
பஸ்ஸில் அடுத்த நிறுத்தம் அறிவிக்கும்
அதே குரலில்,
கொஞ்சம் குழறலாக.