சத்தம் எதுவும் இல்லை

வருகிறவர்களிடம் முதலில் சைலன்ஸரைச் சொல்லிவிடுவேன்.
இரண்டு இருக்கிறது.
கொழிஞ்சாம்பாறைக்கு ஒன்று, கேரளச் சட்டத்துக்குப் பயந்தது.
வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டினால் இன்னொன்று.
பதினைந்து வருடம், ஞாயிறு விடியலில்,
ஒரு புளியமரத்தடியில் ஜாக்கி போட்டு மாற்றியிருக்கிறேன்
வாசலில் செருப்பு மாற்றுகிறவன் மாதிரி.
இரண்டும் வண்டியோடு சேர்த்தி.

ஹோண்டா இன்டெக்ரா, தொண்ணூற்றெட்டு.
சிங்கப்பூரில் பதினொரு வருடம் கிரேன் ஓட்டியதற்கு
ஊர் திரும்பும்போது கப்பலில் ஏற்றிவந்தது இது ஒன்றுதான்.
கட்டிய சுங்கத்தில் ஒரு தென்னந்தோப்பே போயிற்று
என்பாள் ரெஜினா.
முழுத் தோப்பு இல்லை. முக்கால்.

ஆயில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை.
நோட்டு இருக்கிறது.
தேதி, மீட்டர், அன்று மழையா வெயிலா என்பதுவரை.
சஸ்பென்ஷன் ஒன்றேகால் அங்குலம் இறக்கியது.
வேகத்தடை எல்லாவற்றிலும் குறுக்காகத்தான் ஏற்ற வேண்டும்,
பல்லக்கு தூக்குகிற பொறுமையோடு.
இடது கண்ணாடி புதுசு. மயில். தப்பு மயிலுடையது.
எடை குறைக்கக் கழற்றிய பின்சீட் பரண்மேல் கிடக்கிறது,
பூனை அதில் மூன்று தடவை குட்டி போட்டிருக்கிறது.

ஏன் விற்கிறீர்கள்?

திருச்சூர்க்காரர் பெயின்ட் அளக்கும் கருவியோடு வந்தார்,
அவரிடம் முழங்கால் என்றேன், கிளட்ச் கனம்.
சித்தூர் டாக்டரின் மகனிடம்
பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம் என்றேன்.
எங்களுக்குப் பெண் இல்லை.

ஐயாயிரத்து எழுநூறு சுற்றில் அது மாறும்.
அதுவரை தலை குனிந்தே நடந்த பிள்ளை
மேடையில் பெயர் கூப்பிட்டதும் நிமிர்வது போல.
அதற்கு நான் மீட்டரைப் பார்த்ததில்லை.
பெல்ட் தளர்ந்ததை, பிளக் களைத்ததை,
நாலாவது சிலிண்டரின் சோம்பலை
கியர் மாற்றுவதற்குள் சொல்லிவிடுவேன்.
போன கார்த்திகையிலிருந்து
முள்ளைப் பார்த்து ஓட்டுகிறேன்.
கோவையில் ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து
கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள்.
வெகுநேரம் பொத்தானைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சனிக்கிழமை உடுமலையிலிருந்து தீபன் வந்தான்.
கூடவே தங்கை இலக்கியா.
வண்டி அவளுக்குத்தானாம்.
பானெட்டைத் தூக்கினேன். ஸ்டார்ட் செய்தேன்.
"பாருங்க, ஒரு சத்தம் உண்டா?"
எப்போதும் சொல்வதுதான்.
தீபன் ஒத்துக்கொண்டான்.
அவள் குனிந்தாள். நெற்றி சுருங்கியது.
"டிக் டிக்குனு கேக்குதுண்ணா. வலது ஓரமா."

நானும் குனிந்தேன்.
விசிறி கேட்டது.
சைலன்ஸரின் அடித்தொண்டை கேட்டது.
ரோட்டில் செங்கல் லாரி ஒன்று ஏற்றத்தில் முக்குவது கேட்டது.

"டேப்பட்" என்றேன்.
"கேஜ் வைத்தால் அரைமணி நேர வேலை."
"நல்லாவே அடிக்குதுங்களே?"
"ஆமாம்மா. கொஞ்ச நாளாகவே."

விலையைக் குறைக்கச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
பத்தாயிரம் குறைந்தது.

தானாகக் குறைந்ததில் தீபனுக்கு மறுபடி சந்தேகம்,
டிக்கியின் ஸ்டெப்னி வரை திறந்து பார்த்தான்.
இலக்கியா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.
"ஆவணி ஒன்பது, சிணுசிணு மழை" என்று படித்துச் சிரித்தாள்.
கையெழுத்துப் போட்டேன்,
இன்னும் எங்கெங்கே என்று காட்டக் காட்ட.

சமையலறையிலிருந்து வந்து
குக்கர் எத்தனை விசில் என்றாள் ரெஜினா.
"மூணு."
பருப்பு தீய்ந்த வாடை ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தது.
அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.

கேரளச் சைலன்ஸரோடு மெல்லக் கிளம்பிற்று.
முதல் வேகத்தடையைக் குறுக்காக ஏற்றினாள், சரியாக.
கள்ளுக்கடை தாண்டினால் நேர்ச்சாலை.
கேட்டில் நின்றேன்.
படுத்திருந்த நாய் தலையைத் தூக்கி
இரண்டு காதையும் கிழக்கே திருப்பியது.

ஐயாயிரத்து எழுநூறு.